பதினாறு ஸ்பூல் காப்பர்

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாத வருடங்களில் நான் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். ஆனால் என்னை மிகவும் படுத்தி எடுத்தது, ஒரு பைசா பிசகாமல் எல்லாம் டேலி ஆன ஒரு வருடம்தான். கணக்கு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று அதை எழுதுகிறேன்.

துடியலூர் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் யூனிட்டில் இருபத்திரண்டு வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். படிப்பு ப்ளஸ் டூ, டைப்பிங், அப்புறம் மூன்று மாத டேலி கோர்ஸ். நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கணக்கெழுதுகிற வேலை என்றால் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் இதற்கு வந்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

1. லாபம் வந்தது, பணத்தைக் காணோம்

எங்கள் யூனிட்டுக்கு அப்போது இரண்டு பார்ட்னர்கள். மூத்தவர் பழனிச்சாமி அண்ணன். விற்பனையும் வசூலும் அவர் பொறுப்பு. அவர் மனைவியின் தம்பி செல்வராஜ் அண்ணன் ப்ரொடக்‌ஷனைப் பார்த்தார். லாபத்தில் ஆளுக்குப் பாதி. அந்த வருடம் மார்ச் முப்பத்தொன்றோடு செல்வராஜ் அண்ணன் விலகிக்கொள்வதாகப் பேசி முடித்திருந்தார்கள். சண்டை எதுவும் இல்லை. கிணத்துக்கடவில் தன் தோப்பை ஒட்டிச் சொந்தமாக யூனிட் போட ஆசைப்பட்டார். பேலன்ஸ் ஷீட்டில் அவருக்கு எவ்வளவு கேப்பிட்டல் நிற்கிறதோ, அதை பழனிச்சாமி அண்ணன் கொடுத்துவிட வேண்டும். அதற்காக அவர் பேங்கில் லோன் கேட்டிருந்தார்.

ஏப்ரல் கடைசியில் கணக்கை முடித்தேன். லாபம் எட்டு லட்சத்து எழுபதாயிரம். முந்தைய வருடம் ஐந்து லட்சத்துச் சொச்சம்தான்.

"பாத்தீங்களா மச்சான், போறப்ப நல்ல வருசமாப் பண்ணிக் குடுத்துப்போட்டுப் போறேன்" என்று செல்வராஜ் அண்ணன் சிரித்தார். பழனிச்சாமி அண்ணனும் சிரித்தார். செல்வராஜ் அண்ணன் போன பிறகு என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன் அம்மணி, இத்தன லாபம் வந்துருக்குதுன்னா அந்தப் பணம் எங்க? பேங்கிலயும் இல்ல, பொட்டியிலயும் இல்ல. எனக்குத் தெரியாம எவனாச்சும் வந்து தின்னுட்டுப் போயிட்டானா?"

லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு என்பது எனக்குத் தெரியும். லாபம் பார்ட்டிகளிடம் பாக்கியாக நிற்கலாம், சரக்காகக் கிடக்கலாம். ஆனால் அந்த வருடம் பாக்கி கூடவில்லை. விற்பனை அதே அளவு. பம்ப் விலையை ஏற்றவும் இல்லை. பிறகு எப்படி லாபம் மட்டும் குதித்து ஏறும்? இதை நான் கேட்டிருக்க வேண்டும். டேலி ஆகிவிட்ட சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். முதலாளி கேட்ட பிறகுதான் ஃபைலை மறுபடி திறந்தேன்.

2. எனக்கு வந்து சேரும் பேப்பர்கள்

கணக்கின் சுற்று என்ன என்று கோர்ஸில் படம் போட்டுக் காட்டுவார்கள். பில் வரும், வவுச்சர் போடுவோம், டே புக்கில் ஏறும், லெட்ஜருக்குப் போகும், ட்ரையல் பேலன்ஸ் எடுப்போம், வருடக் கடைசி அட்ஜஸ்ட்மென்டுகளைப் போட்டு, லாப நஷ்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் எடுப்போம். பிறகு அடுத்த வருடத்தைத் திறப்போம். படத்தில் அம்புக்குறிகள் அழகாக வட்டமாகப் போகும்.

எங்கள் யூனிட்டில் அம்புக்குறி முதல் படியிலேயே நின்றுவிடும். பில் செல்வராஜ் அண்ணன் சட்டைப் பையில் இருக்கும். சட்டை வாஷிங் மெஷினில் இருக்கும். ஒரு தடவை பேரிங் வாங்கிய பில்லை எனக்கு உருண்டையாகக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் எழுத்தே இல்லை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிய செலவுகளைக் கொண்டு வருவார்கள். "டீசல் 2000, பூசை, இதர 750" என்று இருக்கும். பூசைக்கு எவ்வளவு, டீசல் எதற்கு என்று கேட்டால், "அட, போடு அம்மணி. நம்ம பணந்தான?" என்பார்கள்.

நம்ம பணம் என்பதுதான் எல்லா வம்புக்கும் ஆரம்பம். கம்பெனி ஒரு ஆள், முதலாளி வேறு ஒரு ஆள் என்பது கணக்கில் முதல் பாடம். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, கம்பெனி அக்கவுண்டில் இருந்து வீட்டு கரண்ட் பில்லைக் கட்டுவார்கள்.

இப்படி வருகிற பேப்பர்களை ஏற்றி ட்ரையல் பேலன்ஸ் எடுத்தால் டேலி ஆகும். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் போட்டால் ஆகத்தான் செய்யும். ஆனால் எனக்கு வராத பேப்பரைப் பற்றி ட்ரையல் பேலன்ஸ் ஒன்றுமே சொல்லாது. இது புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

3. ஸ்டோரில் எத்தனை இருந்தது

லாபம் வீங்கிவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கடைசி இருப்பு. குளோசிங் ஸ்டாக் நாங்கள் எழுதுகிற புத்தகத்திலிருந்து வருவதில்லை. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஸ்டோரில் எண்ணி எழுதிய லிஸ்டில் இருந்து வருகிறது. அதில் ஒரு லட்சம் கூட இருந்தால் லாபம் அப்படியே ஒரு லட்சம் கூடும்.

லிஸ்டை எடுத்து ஒவ்வொரு சரக்காகக் கிலோவில் பார்த்தேன். காப்பர் வைண்டிங் ஒயரில் வந்து இடித்தது. வருட ஆரம்பத்தில் 180 கிலோ இருந்தது. வாங்கியது 4,200 கிலோ. மோட்டார் ஒன்றுக்கு இரண்டு கிலோ வீதம் இரண்டாயிரம் மோட்டாருக்கு 4,000 கிலோ போயிற்று. வேஸ்ட் 60 கிலோ. மிச்சம் 320 கிலோ இருக்க வேண்டும். லிஸ்டில் 720 கிலோ இருந்தது.

நானூறு கிலோ காப்பர் தானாகக் குட்டி போட்டிருக்கிறது. ஒயரைச் சுற்றி வருகிற ஸ்பூல் ஒன்று இருபத்தைந்து கிலோ. ஆகப் பதினாறு ஸ்பூல். அன்றைய விலைக்குக் கிலோ எண்ணூற்று ஐம்பது என்று போட்டு, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் லாபம் காட்டியிருக்கிறேன்.

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக் எடுத்த அன்று நானும் நோட்டோடு ஸ்டோர் வாசலில் நின்றேன். பதினாறு ஸ்பூல்கள் பிரிக்காமல் தனியாக ஒரு மூலையில் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். அது ஏன் தனியாக இருக்கிறது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். உள்ளே நாலு ஆண்கள் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். குறுக்கே பேசக் கூச்சமாக இருந்தது. பேசாமல் எழுதிக்கொண்டேன். அந்தக் கூச்சத்தின் விலை மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.

4. கைமாத்து

பழனிச்சாமி அண்ணனிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, அது கோவிந்தண்ணங்கிட்ட வாங்குன கைமாத்து அம்மணி!"

கோவிந்தராஜ் அண்ணன் பக்கத்து யூனிட் முதலாளி. எங்கள் தொழிலில் யூனிட்டுக்கு யூனிட் சரக்கு கைமாத்து வாங்குவது தினப்படி பழக்கம். கோடை சீசனில் பம்ப் ஆர்டர் குவியும். ஒயர் லோடு வர இரண்டு நாள் தாமதமானால் பக்கத்தில் போன் பண்ணுவார்கள். அரை மணி நேரத்தில் குட்டியானை வண்டியில் சரக்கு வந்து இறங்கும். பில் கிடையாது, சலான் கிடையாது. நம் லோடு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எழுதிக் கொடு என்று கேட்டால் நம்பிக்கையில்லை என்று ஆகிவிடுமாம். மார்ச்சில் அந்த ஒயர் வந்த மூன்றாம் நாளே எங்கள் லோடும் வந்துவிட்டது. கைமாத்து ஸ்பூலைப் பிரிக்கக்கூட இல்லை. வண்டி அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிடலாம் என்று விட்டுவிட்டார்கள். வண்டி தினமும் அந்தப் பக்கம்தான் போனது.

சரக்கு அடுத்தவருடையது. வாங்கியதாக என் புத்தகத்தில் பில் இல்லை. தர வேண்டும் என்று கடனும் இல்லை. இருப்பில் மட்டும் எங்களுடையதாக உட்கார்ந்திருக்கிறது. இருப்பில் இருந்து எடுத்துவிட வேண்டும், இல்லை அதே தொகையைக் கோவிந்தண்ணனுக்குத் தர வேண்டியதாகக் காட்ட வேண்டும். எப்படிச் செய்தாலும் லாபம் ஐந்து லட்சத்து முப்பதாயிரம்தான்.

திருத்திய கணக்கை செல்வராஜ் அண்ணன் முன்னால் வைத்தேன். அவர் பங்கில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் குறைந்திருந்தது. முகம் மாறிவிட்டது.

"கைமாத்து வாங்குனது வாஸ்தவம். சனவரிலயே திருப்பிக் குடுத்தாச்சே. நாந்தான் ஏத்தி உட்டேன்."

"அது சனவரி மாப்ள. இது மார்ச்சுல வாங்குனது" என்றார் பழனிச்சாமி அண்ணன்.

"மார்ச்சுல யாரு வாங்குனா? எனக்கொண்ணும் நெனப்பில்லீங்க மச்சான். கையெழுத்துப் போடற நேரத்துல கைமாத்து எப்படீங்க மொளைக்குது?" பிறகு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மச்சான் சொன்னாருன்னா அம்மணி எழுதிரும்."

இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு ரூபாயை மாற்றி எழுதியவள் இல்லை நான். கால்குலேட்டரை ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, மறுபடி ஆஃப் பண்ணிக்கொண்டிருந்தேன்.

5. கோவிந்தண்ணனின் மரியாதை

சரி, கொடுத்தவரையே கேட்டுவிடலாம் என்று கோவிந்தண்ணனைக் கூப்பிட்டார்கள். வந்தார். டீ வந்தது. தோப்பு எப்படி, மழை எப்படி, பொள்ளாச்சியில் தேங்காய் என்ன விலை என்று கால் மணி நேரம் போயிற்று.

"ஏனுங்க கோவிந்தண்ணா, மார்ச்சுல நம்முளுக்குக் காப்பர் குடுத்தீங்கல்ல? பதினாறு ஸ்பூலு?" என்றார் பழனிச்சாமி அண்ணன்.

"அண்ணா, குடுக்கலீல்ல? சனவரில குடுத்ததத் திருப்பிப்போட்டமல்ல?" என்றார் செல்வராஜ் அண்ணன்.

கோவிந்தண்ணன் இரண்டு பேரையும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"அட, என்னங்க இது, காப்பருக்குப் போயி. மச்சானும் மாப்பிள்ளையும் மனசு கோணிக்கலாமுங்களா? நான் ஒண்ணுமே குடுக்கலைன்னே வெச்சுக்கங்க. எனக்கு வேண்டாமுங்க அந்தக் காப்பரு."

"வேணும் வேண்டாங்கறது இல்லீங்கண்ணா. குடுத்தீங்களா இல்லீங்களா?" என்றார் பழனிச்சாமி அண்ணன்.

"குடுத்தா என்ன, குடுக்காட்டி என்னங்க? உங்க ரெண்டு பேருத்துக்கு நடுவால வந்து சாட்சி சொல்லச் சொல்றீங்களா? அது என்ற வாயில வராதுங்க. வாரேனுங்க." கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று லட்சத்துக்கு மேல் போனாலும் பரவாயில்லை, உறவுக்காரர்கள் நடுவில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாராம். மரியாதையான மனிதர்தான். அவர் மரியாதையால் என் பேர் நாறிக்கொண்டிருந்தது. பழனிச்சாமி அண்ணன் வீட்டில் அவர் மனைவி இரண்டு நாளாகப் புருஷனிடமும் பேசவில்லை, தம்பி போனையும் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

6. ஸ்டிக்கர்

அன்று மத்தியானம் சாப்பிடாமல் ஸ்டோருக்குப் போனேன். அந்தப் பதினாறு ஸ்பூல் இன்னும் அதே மூலையில் இருந்தது. ஒவ்வொரு ஸ்பூலின் பக்கவாட்டிலும் ஒயர் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் உண்டு. அதில் எடையும் ஸ்பூல் நம்பரும் இருக்கும். ஒயர் பில்லோடு வருகிற பேக்கிங் ஸ்லிப்பில் அதே நம்பர்கள் இருக்கும். பேக்கிங் ஸ்லிப்பை யாரும் பார்ப்பதில்லை. நான் பில்லோடு சேர்த்துக் குத்தி வைக்கிறவள்.

பதினாறு நம்பரையும் எழுதிக்கொண்டு வருடம் முழுக்க வந்த ஸ்லிப்புகளைப் புரட்டினேன். எங்களுடைய ஸ்லிப் எதிலும் அவற்றில் ஒன்றுகூட இல்லை. பாதிச் சாட்சி கிடைத்தது. மீதிப் பாதி பக்கத்து யூனிட்டில் இருந்தது.

அங்கே அக்கவுண்ட்ஸ் பார்ப்பது ஜோதிமணி. என் வயதுதான். நான் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுகிறவள். தாளை நீட்டினேன். அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"உங்ககிட்டத்தான் இருக்குதா? நானூறு கிலோவக் காணோம்னு நான் இங்க பைத்தியமா அலையறேன்! எங்க மொதலாளிகிட்டச் சொன்னா, 'வேஸ்டேஜ்ல போட்டுரு கண்ணு'ங்கறாரு. நானூறு கிலோ வேஸ்டேஜ் போறதுக்கு நாங்க என்ன காப்பரைப் பொரியல் பண்ணியா திங்கறோம்?"

அவளுடைய ஃபைலை எடுத்தாள். மார்ச் முதல் வாரத்து பில். பேக்கிங் ஸ்லிப்பில் பதினாறு நம்பரும் வரிசையாக இருந்தன. எங்கள் புத்தகத்தில் நானூறு கிலோ மிச்சம், அவள் புத்தகத்தில் நானூறு கிலோ பற்றாக்குறை. எங்கள் லாபம் எவ்வளவு வீங்கியதோ அவர்கள் லாபம் அவ்வளவு இளைத்திருந்தது. முதலாளிகள் மூன்று பேர் டீ குடித்துப் பேசித் தீராதது, நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்ததில் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. பில்லை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். எடுக்கும்போதும் திட்டிக்கொண்டேதான் எடுத்தாள்.

இந்தப் பில் மார்ச்சில் வந்தது. ஜனவரியில் திருப்பிக் கொடுத்த சரக்காக அது இருக்க முடியாது.

7. தாளை நீட்டினேன்

மறுநாள் இரண்டு பேரும் ஆபீசில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதை முதல் நாள் இரவு முழுவதும் மனப்பாடம் பண்ணியிருந்தேன். எழுந்து நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. தாளையும் ஜெராக்ஸையும் செல்வராஜ் அண்ணன் முன்னால் வைத்தேன். முதல் கட்டத்தில் ஸ்பூல் நம்பர், அடுத்ததில் எங்கள் ஸ்லிப்பில் இல்லை, கடைசியில் கோவிந்தண்ணன் பில் நம்பரும் தேதியும்.

"நீங்களே போயி ஒத்துப் பாருங்கண்ணா." என் வாயில் வந்தது அவ்வளவுதான்.

தாளை எடுத்துக்கொண்டு எழுந்து ஸ்டோருக்குப் போனார். திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. செல்வராஜ் அண்ணன் வந்தபோது கையெல்லாம் தூசி. தாளில் பதினாறு டிக் இருந்தது.

"மார்ச்சுல போன் பண்ணுனது நாந்தானுங்க மச்சான்" என்றார். "இப்பத்தான் நெனப்பு வருது. தோப்புல போர் போட்டுட்டு இருந்தமல்ல, அங்கிருந்து பண்ணுனேன். சனவரி சரக்கத் திருப்புனதவே மனசுல வெச்சுட்டு இருந்துபோட்டேன்."

"உடு மாப்ள" என்றார் பழனிச்சாமி அண்ணன்.

செல்வராஜ் அண்ணன் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி, "டீ குடிச்சயா அம்மணி?" என்றார். இல்லை என்றேன். அவரே போய் வாங்கி வந்தார். கூட ஒரு தேங்காய் பன்னும் இருந்தது.

அன்று சாயங்காலமே பதினாறு ஸ்பூலும் பக்கத்து யூனிட்டுக்குப் போயிற்று. கோவிந்தண்ணன், "இதுக்கெல்லாம் என்னங்க அவசரம்?" என்றாராம். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

8. சலான் புத்தகம்

அந்த வாரமே என் கைக்காசில் மூன்று காப்பி டெலிவரி சலான் புத்தகம் ஒன்று வாங்கினேன். யார் கைமாத்து வாங்கினாலும், யாருக்குக் கொடுத்தாலும் அதில் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் கேட்டைத் தாண்ட வேண்டும் என்று ஸ்டோரில் சொன்னேன். ஒருவரும் மதிக்கவில்லை. முதல் மாதம் முழுக்கப் புத்தகம் வெள்ளையாகவே கிடந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் செல்வராஜ் அண்ணன் கிணத்துக்கடவில் இருந்து வந்தார். புது யூனிட்டில் முதல் பெரிய ஆர்டர். மோட்டாருக்குள் அடுக்குகிற ஸ்டாம்பிங் தகடு லோடு வரவில்லை. நூறு கிலோ கைமாத்து வேண்டும்.

"இதுக்கு எதுக்குக் கேட்டுட்டு? எடுத்துட்டுப் போ மாப்ள" என்றார் பழனிச்சாமி அண்ணன். சரக்கு வண்டியில் ஏறியது.

நான் சலானை எழுதி, புத்தகத்தோடு வெளியே போய் வண்டிப் பக்கத்தில் நின்றேன். அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"என்ன அம்மணி இது? கையெழுத்தா? என்றகிட்டயேவா?" என்றார் செல்வராஜ் அண்ணன்.

"அட, உடு அம்மணி. அக்கா ஊட்டுல இருந்து எடுத்துட்டுப் போறவங்கிட்டப் போயி" என்றார் பழனிச்சாமி அண்ணன்.

எனக்குக் காது சுட்டது. ஆனால் நான் நகரவில்லை. கூச்சப்பட்டு நான் கேட்காமல் விட்டது வருடக் கடைசியில் பேலன்ஸ் ஷீட்டில் வந்து உட்காரும். அதைக் கிளப்புவதற்குள் மூன்று வீடு பேச்சுவார்த்தை இல்லாமல் போகும். கணக்கு வேலை என்று நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். சரக்கு நகரும்போதே தாளும் நகர வேண்டும். உறவுக்காரர் என்றால் இரண்டு மடங்கு கட்டாயமாக நகர வேண்டும்.

இதையெல்லாம் அங்கே எனக்குச் சொல்ல வரவில்லை. பேனாவை நீட்டினேன்.

"பதினாறு ஸ்பூலுங்கண்ணா" என்றேன்.

செல்வராஜ் அண்ணன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியின் பானெட்டில் புத்தகத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தன் காப்பியைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, வெளியே எடுத்து வண்டிக்குள் டேஷ்போர்டில் பத்திரமாக வைத்தார்.